இசைத்தட்டில் இடம் பெறாத பெயர்கள்

டுவிஸ்டும் ராக் அண்டு ரோலும் தமிழ் பேசிய காலத்தில் கித்தாரும் டிரம்மும் வாசித்தவர்கள் யார்?

ஊத்துக்குளியில் பழைய சினிமாப் பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. கதித்தமலைத் தேர் என்றால் ஒலிபெருக்கி கட்டியாக வேண்டும். கல்யாணம் என்றால் ரேடியோ செட் வந்தாக வேண்டும். பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு என்றாலோ, கண் அசராமலிருக்க ஒரு மூலையில் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். ஓவர்லாக் மெஷினின் இரைச்சலையும் மீறிக்கொண்டு ஒரு கித்தார் நாலே நாலு சுரம் பேசினால் போதும். கைமடிக்கும் பெண்ணிலிருந்து கட்டிங் மாஸ்டர் வரை இன்ன படம், இன்ன பாட்டு என்று சொல்லிவிடுவார்கள்.

பாடியவர் யார் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வரும். பாட்டு எழுதியது கண்ணதாசனா வாலியா என்று ஒரு சின்னத் தர்க்கமே நடக்கும். இசை அமைத்தவர், வாயசைத்தவர், அன்று படம் ஓடிய கொட்டகை, எல்லாம் தெரியும். சரி, அந்தக் கித்தாரை வாசித்தது யார்?

அங்கேதான் மெஷின் சத்தம் மட்டும் கேட்கும்.

இதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் என்று ஊர்ப் பெயர் பிரசித்தமானதே தவிர, விடியற்காலையில் எழுந்து கடைந்தவளின் பெயர் பிரசித்தமானதா? இந்த வட்டாரத்தில் தைக்கும் பனியனின் கழுத்துப் பட்டையில் எந்தச் சீமைக் கம்பெனியின் பெயரோ இருக்கிறது. தைத்தவர் பெயர் இல்லை. இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டக் காகிதமும் அப்படிப்பட்ட ஒரு பட்டைதான்.

1964 பிப்ரவரி

உலகத்தின் பாட்டுச் சரித்திரத்தில் 1964-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மறக்க முடியாத மாதம். லிவர்பூல் நகரத்து நான்கு இளைஞர்கள், பீட்டில்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள், அமெரிக்காவில் போய் இறங்கியது அப்போதுதான். 9-ம் தேதி இரவு அவர்கள் டெலிவிஷனில் பாடியதைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

அதே மாதக் கடைசியில் தமிழ்நாட்டில் ஒரு படம் வெளிவந்தது. ஸ்ரீதர் டைரக்ட் செய்த ‘காதலிக்க நேரமில்லை’. எஸ்டேட் முதலாளியாக வரும் பாலையாவின் மாளிகைக்கு எதிரே ரவிச்சந்திரனும் அவருடைய கூட்டாளிகளும் கொட்டகை போட்டு உட்கார்ந்து, பறிபோன வேலையைத் திரும்பக் கேட்டு ஆடிப்பாடுவார்களே, அந்தக் காட்சியை மறந்தவர் உண்டா? கதையில் முதலாளியின் பெயர் விஸ்வநாதன். பாட்டுக்கு இசை அமைத்தவரின் பெயரும் விஸ்வநாதன். அந்த வேடிக்கையைக் கொட்டகை முழுதும் ரசித்தது. படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பொள்ளாச்சிக்கு அப்பால் ஆழியாறு அணைப் பக்கத்தில் எடுக்கப்பட்டவை என்பதால் கொங்கு நாட்டாருக்கு அதில் தனிச் சொந்தம் வேறு.

பீட்டில்ஸின் தட்டு கோடம்பாக்கத்துக்கு வந்து, அதைக் கேட்டுக் காப்பியடித்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். மாத இடைவெளிகூட இல்லை. அதற்கெல்லாம் நேரம் ஏது? சப்பி செக்கர் என்ற நீக்ரோ இளைஞர் 1960-ல் உலகத்தையே இடுப்பை ஒடிக்கச் செய்த டுவிஸ்ட் நடனம் அதற்குள் எல்லாத் திக்கும் பரவியிருந்தது. சென்னையிலும் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் இருந்ததால்தான் அந்தப் பாட்டு பிறந்தது.

எங்கிருந்து வந்தார்கள்?

ரயில்வேயும் சர்ச்சும் இல்லாவிட்டால் தமிழ் சினிமாவுக்கு டிரம்ஸ் வந்திருக்குமா என்பது சந்தேகந்தான். பெரம்பூர், பரங்கிமலை, வேப்பேரி என்று ஆங்கிலோ இந்தியர்கள் குடியிருந்த இடங்களிலெல்லாம் வீட்டுக்கு ஒரு கித்தாராவது பியானோவாவது இருக்கும். சனிக்கிழமை இரவு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனம். ஞாயிறு காலை சர்ச்சில் பாட்டு. ஊத்துக்குளியைத் தாண்டி மேற்கே ஓடும் இருப்புப்பாதை போய்ச் சேரும் போத்தனூரும் அப்படிப்பட்ட ஒரு ரயில்வே ஊர்தான். கோவா நாட்டுக் கிறிஸ்தவர்களும், போலீஸ் பாண்டிலும் ராணுவ பாண்டிலும் டிரம்பெட், கிளாரினெட் ஊதிப் பழகியவர்களும் இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

விஸ்வநாதன் – ராமமூர்த்தி கோஷ்டியில் டிரம்ஸ் வாசித்தவர் நோயல் கிராண்ட். கித்தார் பிலிப். அக்கார்டியன் மங்களமூர்த்தி. புல்லாங்குழல் நஞ்சப்பா. குழந்தை அழுவதிலிருந்து பறவை கூவுவது வரை எந்தச் சத்தம் வேண்டுமானாலும் வாயாலேயே செய்து காட்டியவர் சதன். அவரையும் வாத்தியக்காரர் வரிசையில் சேர்ப்பதே நியாயம். இவர்களுக்கும் இசையமைப்பாளருக்கும் நடுவே நின்றவர்கள் ஹென்றி டேனியலும் ஜோசப் கிருஷ்ணாவும்.

இந்தக் கடைசி இருவரின் வேலை என்ன என்று கொஞ்சம் விவரமாகவே பார்க்க வேண்டும். விஸ்வநாதன் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து மெட்டைப் பாடிக் காட்டுவார். வீணைக்காரருக்கும் தபலாக்காரருக்கும் அது போதும். காதில் வாங்கி, ஸரிகம என்று குறித்துக்கொண்டு வாசித்துவிடுவார்கள். ஆனால் செல்லோ வாசிப்பவருக்கும் டிரம்பெட் ஊதுபவருக்கும் ஐந்து கோடு போட்ட காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில் புள்ளியும் கொம்புமாக மேனாட்டு முறையில் எழுத வேண்டும். எந்த இடத்தில் வயலின்கள் சேர்ந்து எழும்ப வேண்டும், எங்கே அடங்க வேண்டும், கித்தாரின் கீழ்த் தந்தி எந்த சுரத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். மெட்டில் ஒரு கமகம் வந்துவிட்டால் ஐந்து கோட்டுக்குள் அது அடங்காது. அடக்கிக் காட்ட வேண்டும். பிறகு கையில் குச்சியுடன் நின்று எல்லோரையும் ஒரே தாளத்தில் கொண்டுபோக வேண்டும். ராகமும் டுவிஸ்டும் சண்டை போட்டுக்கொள்ளாமல் ஒரே பாட்டில் குடித்தனம் நடத்தியதற்கு இந்தக் காகிதங்கள் ஒரு முக்கிய காரணம்.

இன்றைக்கு ஒருவர் காலையில் வந்து வயலின் வாசித்துவிட்டுப் போகலாம். அடுத்த மாதம் பாடகர் வேறு ஊரிலிருந்து பாடி அனுப்பலாம். அன்று அது நடக்காது. பாடுகிறவர், வாசிக்கிறவர் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே மூச்சில் தொடங்கி முடித்தாக வேண்டும். மூன்றாவது நிமிஷத்தில் கடைசி வரிசை வயலின்காரர் ஒருவர் வில்லைத் தவறாக இழுத்துவிட்டால் டி.எம். சௌந்தரராஜன் உட்பட எல்லோரும் பல்லவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அப்படி வாசித்து முடித்த பாட்டில் டிரம்ஸ் ஓர் இழை பிசகாமல் நிற்கிறது என்றால், அந்த மனிதருடைய மணிக்கட்டை என்னவென்று சொல்வது!

கூலி, கால்ஷீட் கணக்கில். வந்தார், வாசித்தார், வாங்கினார், போனார். தட்டு ஆயிரம் விற்றாலும் லட்சம் விற்றாலும் அவர் பைக்கு மேற்கொண்டு ஒரு காசு வராது. தட்டின் மீது படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைப்பாளர் பெயர், பாட்டாசிரியர் பெயர் அச்சாகும். சினிமாவின் எழுத்துப் பட்டியலில் உதவியாளர் பெயர் வரை வரும். அதற்குக் கீழே இறங்காது.

ரேடியோவும் அதே வழியில் நடந்தது. 1952-ல் மத்திய மந்திரியாக வந்த கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தியதும், தமிழ்நாட்டு ஜனங்கள் ஒட்டுமொத்தமாக முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். 1957-ல் விவித பாரதி பிறந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. மயில்வாகனத்தின் குரலில் படத்தின் பெயரையும் பாடகர் பெயரையும் கேட்பதே ஒரு சங்கீதம். ஆனால் தட்டில் அச்சான பெயரைத்தானே அறிவிப்பாளர் படிக்க முடியும்?

கோயம்புத்தூரில் நடந்த கதை

பெயர் மறைந்துபோவது என்ன என்று விஸ்வநாதனுக்கே நன்றாகத் தெரியும். அது நடந்த இடம் ஊத்துக்குளிக்குக் கிட்டத்தில், கோயம்புத்தூரில்.

1940-களில் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் கம்பெனி படம் எடுத்துக்கொண்டிருந்தது. சங்கீத டைரக்டர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. அங்கே எடுபிடி வேலைக்கு இருந்த பாலக்காட்டுப் பையன் விஸ்வநாதன். ‘அபிமன்யு’ என்ற படத்துக்கு ஒரு பாட்டு. நாயுடுவுக்கு மெட்டு திருப்தியாக அமையவில்லை. அவர் வெளியே போயிருந்த சமயம் பையன் ஆர்மோனியத்தை எடுத்து ஏதோ வாசித்துப் பாடிக்கொண்டிருந்தான். திரும்பி வந்த நாயுடு அதைக் கேட்டார். அந்த மெட்டே படத்தில் இடம் பெற்றது. 1948-ல் படம் வந்தது. மெட்டு யாருடையது என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது.

ஜூபிடர் கம்பெனி கோவைக் கடையைக் கட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பியபோதுதான் நாயுடு முதலாளியிடம் உண்மையைச் சொன்னாராம்: அந்த மெட்டு இந்தப் பையனுடையது, இவனை விட்டுவிடாதீர்கள் என்று. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. சின்ன வயதில் புகழ் தலைக்கு ஏறிவிடக் கூடாதே என்ற கவலையாம். விஸ்வநாதன் இதைப் பிற்காலத்தில் மேடைதோறும் சொன்னார், நாயுடுவைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே. இவ்வளவு பெரிய மனத்துடன் சொன்னார் என்பதற்காக, நடந்தது சரி என்று ஆகிவிடுமா என்ன? ஆனால் நாயுடு கடைசியில் வாய் திறந்தார். திறக்காமலே போனவர்கள் எத்தனை பேரோ!

1952-ல் ராமமூர்த்தியுடன் சேர்ந்த விஸ்வநாதன், 1965-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தார். ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் காலமானார்கள்.

சேலத்து வேதா

மேனாட்டு இசை என்றால் சென்னை மட்டுமல்ல. ஏற்காடு மலைக்குப் போகிற வழியில் இன்றும் ஒரு வளைவு நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸில் 1960-களில் துப்பறியும் படங்கள் வரிசையாக வந்தன. ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’ என்று தலைப்பிலேயே ஒரு தெம்பு! கறுப்புக் கண்ணாடி, துப்பாக்கி, ரகசியக் கதவு, அதற்குப் பின்னால் ஒரு கிளப் நடனம். அந்த நடனத்துக்கு எலெக்ட்ரிக் கித்தாரும் பாங்கோவும் சாக்ஸபோனும் கட்டாயம் வேண்டும். இசை வேதா.

வேதாவின் மெட்டுகளில் பல இந்திப் படங்களிலிருந்து வந்தவை. முதலாளி இந்தித் தட்டைக் கையில் கொடுத்து இதே மாதிரி வேண்டும் என்றால் மறுக்கவா முடியும்? இதனாலேயே சங்கீத விமரிசகர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அது முழு நியாயமல்ல. மெட்டு இரவல்தான்; ஆனால் சேர்மானமும் வேகமும் பாட்டு தொடங்குமுன் வரும் அந்தப் பதைபதைப்பும் இரவலல்ல. 1971-ல் அவர் மறைந்தார். ஜெய்சங்கரின் பெயரைச் சொன்னால் முகம் மலருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேதாவின் பெயர் தெரியாது. வேதாவைத் தெரிந்த மீதிப் பேருக்கும் அவருடைய கித்தார்காரரைத் தெரியாது.

டெட்ராய்டிலும் இதே கதை

இது தமிழ்நாட்டின் தலையெழுத்து மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மோட்டார் கார் செய்யும் நகரமான டெட்ராய்டில் 1959-ல் பெரி கார்டி என்பவர் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். மோட்டவுன் என்று பெயர். ஒரு சாதாரண வீட்டில்தான் ஒலிப்பதிவு. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், மார்வின் கே என்று உலகமே கொண்டாடிய பாடகர்கள் அங்கிருந்து புறப்பட்டார்கள். அத்தனை பேருக்கும் பின்னால் வாசித்தது அநேகமாக ஒரே கோஷ்டி. ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டார்கள். பேஸ் கித்தார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையின் ஒரே விரலால் தந்தியை மீட்டியவர்; அந்த ஒரு விரல் பின்னால் வந்த அத்தனை பேஸ் கித்தார்காரர்களையும் ஆட்டிவைத்தது. ஆயினும் 1971-ல் மார்வின் கே வெளியிட்ட ஒரு தட்டில்தான் மோட்டவுன் முதன்முதலாக வாத்தியக்காரர் பெயர்களை அச்சிட்டது.

1972-ல் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. வாசித்தவர்கள் அதை ஸ்டூடியோக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்பார்கள். 1983-ல் மோட்டவுனின் வெள்ளி விழா டெலிவிஷன் நிகழ்ச்சி அமர்க்களமாக நடந்தது. ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. கள்ள மார்க்கெட்டில் டிக்கட் வாங்கிக்கொண்டு மாடியில் போய் உட்கார்ந்து பார்த்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டில் இறந்தும் போனார். அந்தக் கோஷ்டியைப் பற்றி ஒரு படம் எடுத்து உலகம் திரும்பிப் பார்க்க 2002 ஆகிவிட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸிலும் இதே கதைதான். ஹால் பிளேன் என்ற டிரம்ஸ்காரர், காரல் கே என்ற பேஸ் கித்தார் வாசித்த பெண்மணி முதலானவர்கள் பகலெல்லாம் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய் வாசித்துக் கொடுப்பார்கள். தட்டின் அட்டையில் வேறு இளைஞர்கள் கித்தாரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

மேடைக்கு வந்தவர்கள்

பின்னாலிருந்து முன்னால் வந்தவர்களும் சிலர் உண்டு. ஜெமினியில் கோரஸ் பாடிய தாயாருடன் ஸ்டூடியோவுக்குப் போய், தாமும் கோரஸில் நின்று பாடியவர் எல்.ஆர். ஈஸ்வரி. 1958-ல் கே.வி. மகாதேவன் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் தனிக் குரலுக்கு இடம் கொடுத்தார். பிறகு கிளப் நடனம் என்றால் ஈஸ்வரி, துள்ளல் என்றால் ஈஸ்வரி. அவர் சொடுக்குப் போட்டுப் பாடிய தமிழுக்கு அமெரிக்க ‘சோல்’ பாடகிகளின் தமிழ்த் தங்கை என்றே பட்டம் கொடுக்கலாம். அவருக்கு முன்பே, தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த சந்திரபாபு, தொண்டையை உருட்டி ஆல்ப்ஸ் மலை இடையர்கள் போல் பாடிக் கொட்டகையைக் கலக்கியிருந்தார்.

சினிமாவின் நிழலே படாமல் ஆங்கிலத்தில் பாடிய கோஷ்டிகளும் சென்னையில் முளைத்தன. மஸ்டாங்ஸ் என்ற இளைஞர் குழு சின்னத் தட்டு வெளியிட்டது. சிம்லா சிகரெட்டின் பெயரால் அகில இந்தியப் போட்டி நடந்தபோது, 1970-ல் வெளியான போட்டித் தட்டில் கன்ப்யூஷன்ஸ் என்ற சென்னைக் கோஷ்டிக்கும் ஓர் இடம் கிடைத்தது. இந்தத் தட்டுகளை இன்று ஐரோப்பாவில் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்துத் தேடுகிறார்கள். சென்னையில் அந்தப் பெயர்களைக் கேட்டால் முழிப்பார்கள். மவுண்ட் ரோடில் ஒன்பது ரத்தினங்கள் என்று பொருள்படும் பெயர் கொண்ட ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில் 1969-ல் பட்டுப் புடவையும் பூவுமாக ஏறி ஆங்கிலப் பாட்டுப் பாடிய தமிழ்ப் பெண் உஷா மட்டும் தப்பித்தார். அவர்தான் பின்னாளில் உஷா உதுப்.

மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில் தன்ராஜ் மாஸ்டர் என்று ஒருவர் மேனாட்டு இசை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளி உலகத்துக்கு அவர் யாரோ. 1968-ல் பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் அவரிடம் சிட்சை பெற்று, ஜி.கே. வெங்கடேஷ் கோஷ்டியில் கித்தார் வாசித்தார். 1976-ல் ‘அன்னக்கிளி’ வெளிவரும் வரை அந்த இளைஞரும் தட்டில் பெயர் அச்சாகாத கூட்டத்தில் ஒருவர்தான். பெயர் இளையராஜா. அதே 1976-ல் ஆர்.கே. சேகர் காலமானார், பலருடைய பாட்டுகளுக்கு வாத்தியச் சேர்மானம் எழுதிக் கொடுத்தவர். அவர் விட்டுச் சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. ஒன்பது வயதுப் பிள்ளை ஏ.ஆர். ரகுமான்.

சட்டம் என்ன சொல்கிறது?

எம்.பி. சீனிவாசன் என்ற இசையமைப்பாளர் சென்னையில் சினிமா வாத்தியக்காரர்களைச் சங்கமாகத் திரட்டினார். அதனால் கூலிக்கு ஓர் ஒழுங்கு வந்தது. உரிமை என்பது வேறு சங்கதி. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் இடம் இருந்தது. வாசித்தவர், பாடியவர் என்று ஒரு ஜாதி இருப்பதாகவே சட்டம் கருதவில்லை. நிகழ்த்துவோர் உரிமை என்ற வார்த்தையே 1994-ம் வருஷத் திருத்தத்தில்தான் வந்தது. அவர்களுக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று எழுத 2012 ஆயிற்று. ‘காதலிக்க நேரமில்லை’க்கு வாசித்து அப்போது நாற்பத்தெட்டு வருஷங்கள் கழிந்துவிட்டன.

அவர்களைக் கண்ணாலாவது பார்க்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே 1964-ல் ஏ.வி.எம். எடுத்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில், சினிமா எப்படித் தயாராகிறது என்று காட்டுவதற்காக ஒரு பாட்டின் நடுவே ஒலிப்பதிவுக் கூடத்தையே திறந்து காட்டினார்கள். நாகேஷ் ஆடுகிற பாட்டு அது. பார்ப்பவர்களுக்கு நாகேஷின் கால்கள் மீதே கண். அடுத்த முறை டெலிவிஷனில் அந்தப் படம் வரும்போது, நாகேஷைச் சற்றே விட்டுவிட்டு, கைவீசி நடத்தும் விஸ்வநாதனையும் தாண்டிப் பின்னால் பாருங்கள். வெள்ளைச் சட்டையில், வாத்தியத்தின் மீது குனிந்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் நடிகர்கள் அல்ல.